பெட்டிக்குள் போகாத கித்தார்

சோறு ஆறிப்போகிற வரைக்கும் அறையை விட்டு வெளியே வராத என் தம்பி குணாவுக்கு,

ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறாயே அக்கா என்று கேட்பாய். படிக்கட்டுமே. நம் வீட்டில் நடந்ததை நான் வாயால் சொன்னால், தம்பி போன துக்கத்தில் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் ஒருவேளை நம்புவார்கள். நீ நம்புவாயா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நீ போய் ஒரு தீபாவளி வந்து போய்விட்டது. மலை அப்படியேதான் இருக்கிறது. சனி ஞாயிறு வந்தால் கீழேயிருந்து ஏறி வரும் கார்கள் தேயிலைச் சரிவு நெடுக நிற்கின்றன. திரிங்காப் தோட்டங்களிலிருந்து நீ பூ ஏற்றிப் போன லாரியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். நம் எஸ்டேட் வளைவில் அவரும் உன்னைப் போலவே இரண்டு தரம் ஹார்ன் அடிக்கிறார். முதல் தடவை அதைக் கேட்டபோது, ஃபேக்டரியில் தேயிலைப் பொட்டலத்தின் வாயை ஒட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப்போனவை இரண்டு கித்தார்கள். மேடைக்கு எடுத்துப் போகிற கறுப்பு ஒன்று, வீட்டில் வாசிக்கிற பழுப்பு ஒன்று. காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் சட்டைகளைக் கொடுத்தோம், மோட்டார் சைக்கிளை என் வீட்டுக்காரர், உன் மாமா எடுத்துக்கொண்டார். வாசிக்க ஆளில்லாத வீட்டில் கித்தாரை எப்படி வைத்திருப்பது? அதுவும் நம் ஊரில், மதியமே பனி வந்து துணிக்கொடியில் உட்கார்ந்துகொள்கிற ஊரில்? காயப்போட்ட பள்ளிச் சட்டை மூன்றாம் நாள்தானே நமக்குக் காயும். ஈப்போ டவுனில் கித்தார் விற்கிற கடைக்காரரிடம் கேட்டதற்கு, “வாசிக்கலன்னா கம்பிய கொஞ்சம் தளர்த்தி, பெட்டியில போட்டு, ஈரம் படாத எடத்துல வைங்க” என்றார். ஈரம் படாத இடம் இங்கே எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

உன் மாமாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருடம் டிரையர் முன்னால் நின்று தேயிலை காய வைக்கிற மனிதருக்கு உலகத்தில் ஒரே எதிரி ஈரம்தான்.

“மரமும் எலையும் ஒண்ணுதான் லா. காஞ்ச தூளு பக்கத்துல இருந்தா, ஈரத்த அதுவே குடிச்சிரும். நீங்க எல்லாம் சும்மா இருங்க” என்றார்.

உன் பழைய காலுறைகளில் தேயிலைத் தூளை நிரப்பி, முடிச்சுப் போட்டு, கறுப்புக் கித்தாரின் பெட்டிக்குள் சுற்றிலும் அடுக்கினார். ஃபேக்டரி கற்றுக்கொடுத்த புத்தி என்று நாங்களும் தலையாட்டினோம். தூள் ஈரத்தைக் குடித்தது உண்மை. வயிறு முட்டக் குடித்தது. மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தபோது காலுறைகள் எல்லாம் வெள்ளையாக ரோமம் முளைத்துப் படுத்திருந்தன. உன்னோடு மேடையில் வாசித்த மணி வந்து மோந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இத வாசிச்சா கூட்டம் டீ கேக்கும் லா” என்றான். நீ போன பிறகு இந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது பெட்டியில் செருப்பு டப்பாவிலும் பிஸ்கட் டின்னிலும் வருகிற சின்னச் சின்ன ஈர உறிஞ்சிப் பைகள் இருக்கின்றன. கம்பியைத் தளர்த்தி வைத்திருக்கிறோம். கறுப்பு நலம்.

பழுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதற்கும் பெட்டி இருந்தது. உள்ளே வைத்து மூடப் போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூடாத” என்றாள். பெட்டி மூடுவதை ஒரு தடவை பார்த்தவள் அவள். நான் மறுபேச்சு பேசாமல் பழுப்பை ஹால் சுவரில், நீ மாட்டுகிற அதே ஆணியில் மாட்டிவிட்டேன். கம்பியைக்கூடத் தொடவில்லை. நீ எப்படி விட்டாயோ அப்படியே.

அம்மா எப்படிக் கூப்பிடுவாள் என்று உனக்குத் தெரியும். சோறு இறக்கியதும் அடுப்படியில் நின்று “குணாஆஆ” என்று அவள் இழுத்தால், நம் லயத்து வரிசையின் கடைசி வீட்டில் நாய் எழுந்து நிற்கும். நீ போன பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. வீட்டுப் பூனையைக்கூட. தட்டில் போட்டு வைப்பாள், வந்தவர்கள் சாப்பிட வேண்டியதுதான். அவள் தட்டில் போட்டது பாதிக்கு மேல் அந்தப் பூனைக்குத்தான் போனது. உடம்பு பாதியாகிவிட்டது குணா. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. இவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்தேன்.

அன்றைக்கு மதியம் நல்ல மழை. எனக்கு அரை நாள் வேலை. அம்மா நெத்திலி சம்பல் கிளறிக்கொண்டிருந்தாள். உனக்குப் பிடித்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சம்பலை இறக்கினாள். கை பழகிய வேலையோடு வாயும் பழகிய வேலையைச் செய்துவிட்டது.

“குணாஆஆ…”

கூப்பிட்டுவிட்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டது. மெலிதாக, ஒரு வண்டு முரலுவது போல. ஃபிரிட்ஜ் என்று நினைத்தேன். ஃபிரிட்ஜ் அந்தப் பக்கம் இல்லையே என்று திரும்பினேன். சுவரில் உன் கித்தார். ஓடிப்போய் விரலை வைத்தேன். மெல்லிசான பக்கத்திலிருந்து இரண்டாவது கம்பி, என் விரலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது. யாரும் தொடாத கம்பி. உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அழவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை.

அம்மா ஈரக் கையோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“வர்றேங்குறான்” என்றாள். பிறகு உட்கார்ந்து, தட்டு நிறையச் சாப்பிட்டாள்.

நான் லேசில் நம்புகிறவள் இல்லை. மறுநாள் நானே சுவருக்கு முன்னால் நின்று குணா, குணா என்று கத்திப் பார்த்தேன். பதில் இல்லை. மாமா தன் கட்டைக் குரலில் கூப்பிட்டார். தகரக் கூரைதான் அதிர்ந்தது. அம்மா கூப்பிட்டால் மட்டும் ரீங்காரம். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே? நான் கூப்பிட்டு எந்த நாள் எழுந்து வந்திருக்கிறாய்?

அதற்குப் பிறகு தினமும் மதியம் அம்மா கூப்பிடுவாள், கம்பி பதில் சொல்லும், அவள் சாப்பிடுவாள். வளையல் மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது. அதிகம் பேரிடம் நான் மூச்சு விடவில்லை. ஒன்றிரண்டு பேரிடம் சொன்னதற்கே, கோயிலுக்குப் போய்த் தாயத்துக் கட்டு என்றார்கள்.

ஆனால் அந்தச் சுவர் மழை அடிக்கிற பக்கத்துச் சுவர். அடுத்த மழைக்காலம் வந்தபோது கித்தாரின் முதுகில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. துடைத்தால் இரண்டு நாளில் திரும்ப வந்தன. மரம் உப்பி, ஓரத்தில் ஒட்டு வாய் பிளக்க ஆரம்பித்தது. பெட்டிக்குள் வைத்தால் கித்தார் பிழைக்கும், அம்மா சோறு தின்னமாட்டாள். சுவரில் விட்டால் அம்மா தின்பாள், எத்தனை நாளைக்கு? ஒட்டு விட்டுப்போனால் அப்புறம் எந்தக் கம்பி பதில் சொல்லும்? எனக்கு ஒன்றும் ஓடாமல்தான் மணியை வரச் சொன்னேன். அம்மா கூப்பிடுகிற விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அவனும் தாயத்து என்பான் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்தான். பிளந்த இடத்தில் பசை போட்டு இறுக்கினான், முதுகைப் பொறுமையாகத் துடைத்தான். பசை பிடித்த பிறகு கம்பியை மீட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். “எல்லாம் எறங்கிக் கெடக்கு அக்கா” என்று சொல்லி, போனைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சரியான சுருதிக்கு ஏற்றினான். நல்ல மனசோடுதான் செய்தான். எனக்கும் உறைக்கவில்லை. பளபளவென்று ஆணியில் மாட்டியாயிற்று.

மதியம் அம்மா கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. மழைச் சத்தம்தான் கேட்டது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது குரல் பாதியில் உடைந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

“போயிட்டான்” என்றாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை குணா. அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மணி திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கித்தாரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“அக்கா, குணாவோட இந்தக் கித்தாரு எப்பவுமே கொஞ்சம் கீழதான் நிக்கும். பிராக்டீஸுக்கு இதத் தூக்கிட்டு வருவான். ஏத்துடான்னு சொன்னா ஏத்த மாட்டான். நாங்கதான் அவனுக்கு எறங்கி வருவோம். ஏன்டான்னு கேட்டா சிரிப்பான்.”

அவன் சொல்லச் சொல்ல எனக்கு உன் அறை ஞாபகம் வந்தது. அம்மா குணாஆ என்று இழுப்பாள். நீ வாயைத் திறக்கமாட்டாய். அறைக்குள்ளிருந்து டிங் என்று ஒரு கம்பி மட்டும் ஒலிக்கும். வர்றேன் என்று அர்த்தம். எத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டு சோறு போட்டிருக்கிறோம்! அந்த டிங்கும் அம்மாவின் குரலும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் ஒரு நாளும் கவனித்ததில்லையே.

அம்மாவைப் போய் எழுப்பினேன். “ஒரு தடவ கூப்பிடும்மா.”

“எதுக்கு? அவன்தான் இல்லியே.”

“எனக்காகக் கூப்பிடும்மா. ஒரே ஒரு தடவ.”

கட்டிலில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள். மணி இரண்டாவது கம்பியின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினான். ஒன்றுமில்லை. திரும்பவும் கூப்பிடச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள், அவன் மயிரிழை மயிரிழையாக இறக்கினான். அப்புறம், யாரும் மீட்டாமல், அவன் மடியிலேயே அது விழித்துக்கொண்டது. மணி திருகிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“ரெண்டும் ஒரே சுருதியில இருந்தா, ஒண்ணு ஒலிச்சா இன்னொண்ணு தானா ஆடும் அக்கா. ஸ்கூல்ல சயன்ஸ்ல படிச்சதுதான்” என்றான். சொல்லும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. நானும்தான் படித்திருக்கிறேன். படித்ததனால் என்ன குறைந்துவிட்டது? காரணம் தெரிந்த பிறகு எனக்கு இன்னும் அதிகமாகத்தான் சிலிர்த்தது. பேயாக இருந்தால்கூட இத்தனை பாசம் இருக்குமா?

அம்மா கித்தாரையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தன வருஷமா என் தொண்டையையா புடிச்சு வச்சிருந்தான்?” என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “என்னடி நிக்கிற? மணிக்கும் சேத்து சோத்தப் போடு” என்று அதட்டினாள்.

இப்போது பழுப்பு இருக்கிற இடத்தைக் கேள். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற உள்சுவர். அடுப்பின் சூடு நேராக அடிக்காது, மழை ஈரமும் எட்டாது. பின்னால் காற்றுப் போக மாமா இரண்டு மரச்சட்டம் அடித்து, துணி சுற்றிக் கொடுத்தார். தேயிலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. காலையில் காய்ந்த துணியால் அம்மாவே துடைக்கிறாள். பனி இறங்கினால் ஜன்னலை முதலில் சாத்துகிறவள் அவள்தான். வெள்ளைப் பொட்டு அதற்குப் பிறகு வரவில்லை. காலிப் பெட்டி திறந்தபடியே கிடக்கிறது, பூனை அதில் குட்டி போட்டிருக்கிறது.

குளிர் மாறும்போது கம்பியும் கொஞ்சம் மாறும். சில நாள் அம்மா கூப்பிட்டால் பதில் வராது. இப்போதெல்லாம் அவள் பயப்படுவதில்லை. “தூங்குறான்டி, காதத் திருகு” என்கிறாள். அவள் கூப்பிட, நான் திருக, நீ எழுந்திருக்கிறாய். தினமும் பார்க்கிறேன். தினமும் எனக்குப் புதிதாகத்தான் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக நான் திருகுவது ஒரே பக்கமாகத்தான், தளர்த்துகிற பக்கமாக. முதலில் குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். மணியிடம் கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான். புரிந்துவிட்டது. அம்மாவுக்கு வயதாகிறது குணா. குரல் இறங்குகிறது.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாயோ அதையே செய்கிறேன். அவள் குரல் எவ்வளவு கீழே இறங்கினாலும், கம்பியை அங்கே கொண்டுபோய் வைப்பேன். வாசிக்காத கித்தாரின் கம்பியைத் தளர்த்தி வையுங்கள் என்றுதானே கடைக்காரரும் சொன்னார்? அவள் கூப்பிடுகிற கடைசி நாள் வரைக்கும் நீ பதில் சொல்வாய். அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
இன்னமும் உன் காதைத் திருகிக்கொண்டிருக்கும்
அக்கா