கத்தரி இலையில் ஒரு பிசிறு

ஆனி மாதம், ஞாயிறு.

கூட வேலை செய்யும் ஈஸ்வரி அக்கா இன்று தன் அப்பாவின் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அணைத் தண்ணீருக்கு நடுவே ஒரு தீவு அது. பரிசலில் போகும்போதே, பாறை மேல் ஒரு நீர்நாய்க் குடும்பம் மீனைப் பிய்த்துத் தின்பதைப் பார்த்தேன்.

தோட்டத்துக் கத்தரிச் செடியில், இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. உள்ளே குஞ்சுகள். தையல் அவ்வளவு சீர். ஆனால் ஒவ்வொரு ஓட்டையிலும் பஞ்சு பிசிறாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நாளெல்லாம் பிசிறு வெட்டுகிற கை என்னுடையது. எப்போதும் பையில் கிடக்கும், நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்ததும் தெரியவில்லை, ஒன்றை வெட்டியதும் தெரியவில்லை. இலை வாய் பிளந்தது.

“கை வெக்காத கண்ணு. அந்தப் பிசிறுதான் இலையப் புடிச்சிட்டிருக்குது” என்றார் அக்கா.

“கைப் பழக்கமுங்க அக்கா.”

“செரி, தள்ளி வா. நாம நின்னா அது வராது.”

சோளப் பயிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். குஞ்சு விழுந்துவிடுமோ என்று அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத் தாய்ச்சிட்டு வந்தது. தலையைச் சாய்த்துத் திறந்த இடத்தைப் பார்த்தது. பறந்து போய் அலகில் பஞ்சோடு திரும்பியது. ஓட்டையில் நுழைத்தது, இழுத்தது, நுனியைப் பிரித்துவிட்டது. ஊசி இல்லை, சூப்பர்வைசர் இல்லை.

கிளம்பும் முன் எட்டிப் பார்த்தேன். இலை மூடியிருந்தது. நான் வெட்டிய அதே இடத்தில் புதுப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.