மேம்பாலத்தில் மலை பழகியது

2025 ஜனவரி 21, செவ்வாய்

தினமும் தின்றதை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதுகிறேன். காலை இரண்டு இட்லி, உப்பில்லாத சட்னி. மதியம் உப்பில்லாத சாம்பார். ராத்திரி, மதியம் மிஞ்சிய வருத்தம்.

சாப்பாட்டைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. மிச்சப் பக்கம் என் இஷ்டம்.

நெஞ்சுக்குள் மூன்று இடத்தில் அடைப்பாம். கடலூரில் படம் எடுத்துக் காட்டினார்கள். புவனகிரி ரோட்டில் கடை வைத்து, பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியே முடி நரைத்தவன் நான். பிரித்துத்தான் கட்ட வேண்டும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாண்டியில் மார்ச் பன்னிரண்டுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை மாடிப்படி கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. என் வீட்டுக்காரி பட்டம்மாளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்றாவது எப்படி என்று டாக்டர் சொல்லவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பட்டு ஒரே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். “இளமதிக்குச் சொல்லி அனுப்புங்க. பெத்த பொண்ணு, வரமாட்டாளா?”

எங்கள் மகள் கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை உச்சியில், மௌன ஆசிரமத்தில் இருக்கிறாள். காலேஜில் வாய் ஓயாமல் பாடம் நடத்திய பெண். மேலே போன் கிடையாது. அடிவாரத்து ஆபீசில் சொன்னால் ஆள் போய்ச் சொல்லும். மாசியில் ஒரே ஒரு ஞாயிறு வீட்டார் போய்ப் பார்க்கலாம், பேசலாம். போன வருஷம் பட்டு மட்டும் போனாள். எனக்குக் கடையில் சீசன்.

சொல்லி அனுப்பினால், அப்பன் சாகப்போகிறான் என்று இறங்கி வருவாள். நான் ஏறிப் போனால், சும்மா பார்க்க வந்த அப்பன். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். இந்த மாசியில் அந்த ஞாயிறு மார்ச் இரண்டு. கத்திக்கு முன்னால் ஒரு தடவை.

பட்டுவிடம் சொன்னேன். பதிலை, சட்டியை இறக்கி வைத்த சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

அடிவாரத்துக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா நிதானமாகச் சொன்னார். ஜீப் பாதி வழிதான் போகும். அப்புறம் காட்டுப் பாதை, நல்ல ஏற்றம். குளிருக்குக் கம்பளி வேண்டும். மழை பெய்தால் அட்டை கடிக்கும், உப்பு கொண்டு வர வேண்டும். வெள்ளை உடுப்பு. வெளிச் சாப்பாடு கூடாது.

“ஐயாவுக்கு நெஞ்சுக் கோளாறு ஏதும் உண்டுங்களா?”

“எனக்கு வாய்தாங்க கோளாறு” என்றேன். சிரித்தார்.

டாக்டர் நிறுத்திய உப்பு, அட்டை பேரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ரஃபீக் கடையில் ஷூ எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு பத்தாவது ஃபெயிலான கூட்டாளி.

“மலைக்கா? நீயா? மச்சான், பொறந்ததுலேருந்து நீ ஏறுன ஒசரம் எது, சொல்லு பாப்போம்.”

யோசித்தேன். சிதம்பரத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் தட்டைத் தரை. வயல், வாய்க்கால், அப்புறம் கடல். நமக்கு உயரம் என்றால் ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலம்தான்.

“அதுலதான்டா பழகப் போறேன்.”

அடைப்பு விஷயம் அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஷூ தரமாட்டான்.

பிப்ரவரி 6, வியாழன்

பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். சுண்டல் விற்கிற அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். “எந்த வண்டிக்கு அண்ணே?”

“மலைக்கும்மா.”

“அந்தப் பேர்ல வண்டியே இல்லியே!”

நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் மௌன விரதம் போல.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றும் ஏறினேன். இட்லி.

பிப்ரவரி 17, திங்கள்

மூட்டை கட்டினேன். மெழுகுவத்தி, தீப்பெட்டி, தார்ப்பாய், நைலான் கயிறு, ரொட்டிப் பாக்கெட், டார்ச், பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். பட்டு பிரித்துப் பார்த்தாள்.

“மலைக்குப் போறீங்களா, புயலுக்குப் போறீங்களா?”

கம்பளி ஒன்றுகூட இல்லை. வீட்டை விட்டுக் கிளம்புவது என்றால் எங்களுக்குப் புயல் முகாமுக்குத்தான். கார்த்திகையில் கட்டிய மூட்டையையே கை தானாகக் கட்டியிருக்கிறது. ரொட்டியை எடுத்துவிட்டு ஸ்வெட்டரைத் திணித்தாள். மெழுகுவத்தியை எடுக்கவில்லை. திடீரென்று அழுதாள். பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை.

பிப்ரவரி 24, திங்கள். கடலூர் ஆஸ்பத்திரி

வெள்ளிக்கிழமை நடந்தது. பாரத்தோடு பழக வேண்டுமே என்று மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் இடது கை வேறு யாருடையதோ போல் ஆனது. உட்கார்ந்தேன். வேர்வை—சட்டை பிழிகிற அளவு. ரயில் வந்து நின்றது. சனம் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. சுண்டல் அம்மாதான் கத்தினார்: “யாராச்சும் வாங்கய்யா, மலைக்குப் போறவரு உழுந்துட்டாரு!”

சின்ன அட்டாக்காம். ஆபரேஷன் தேதியில் மாற்றமில்லை. மலைக்குப் பழகினேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ரஃபீக் வந்து கட்டில் ஓரம் நின்றான். “ஷூ சைஸ் சொன்னியே, நெஞ்சு இப்புடின்னு ஒரு வார்த்தை சொன்னியாடா? என் கையாலல்ல போட்டு உட்டேன்!”

எனக்குத் தமாஷ் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 1, சனி

வீட்டுக்கு வந்து ஒரு நாள். நான் கட்டிய மூட்டையோடு பட்டு மலைக்குக் கிளம்பிவிட்டாள். துணைக்கு ரஃபீக் சம்சாரம் சுல்தானா.

“நான் என்ன சொல்லட்டும் அவகிட்ட?”

“கடையில வேலை ஜாஸ்தின்னு சொல்லு.”

“பொய் சொல்ல என்னைய அனுப்புறீங்க.”

மார்ச் 2, ஞாயிறு

இப்போது ஜீப்பில் இருப்பாள். இப்போது ஏறுவாள். அங்கே மழையோ என்னமோ. உப்பை எந்தப் பையில் வைத்தேன் என்று சொல்லாமல் விட்டேனே.

இப்போது பார்த்திருப்பாள்.

மார்ச் 4, செவ்வாய்

பட்டு சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும்.

“மூட்டைய அவதான் தொறந்தா. தார்ப்பாயப் பாத்துட்டு, ‘இது அப்பா கட்டுனது. கட்டிட்டு ஏன் வரல?’ன்னா. என் வாய் நிக்கல.”

“அவ என்ன சொன்னா?”

“ஆபரேஷன் எந்தத் தேதின்னு கேட்டா. நம்மூருக்கு எந்த ரயிலுன்னு கேட்டா.”

வர வேண்டாம் என்றுதானே இத்தனையும் செய்தேன்? பின்னே ஏன் சாயங்காலமே போய் முகச்சவரம் செய்துகொண்டு வந்தேன்?

மார்ச் 8, சனி

வாசலில் ஆட்டோ நின்றது. எதிர்வீட்டுக்கு.

மார்ச் 10, திங்கள்

நாளை பாண்டியில் சேர வேண்டும். ரஃபீக் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். நான் அனுப்பவில்லை. பட்டுவும் அனுப்பவில்லையாம். மத்தியானம் திரும்பினான், கையில் ஒரு சுண்டல் பொட்டலத்தோடு.

“வந்த வண்டி எல்லாத்தையும் பாத்துட்டேன் மச்சான். உன் பாலத்து மேல ஏறிகூடப் பாத்தேன். எனக்கே மூச்சு வாங்குது, நீ எப்புட்றா ஏறுன?”

பட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுண்டல் தின்றேன். உப்பு இருந்தது. எழுதிவிட்டேன், டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினேன். லுங்கி, துண்டு, டம்ளர், டார்ச். மலையிலிருந்து வந்த மூட்டையில் தார்ப்பாய் இருந்தது, கயிறு இருந்தது, ஸ்வெட்டர்கூட இருந்தது. மெழுகுவத்தியை மட்டும் காணோம்.

பட்டுவைக் கேட்டேன். கதவுக்கு உள்ளேயிருந்தே சொன்னாள்: “அத மட்டும் அவ எடுத்து வச்சிக்கிட்டா.”

நல்லதுதான். மேலே கரண்ட் கிடையாதாம்.