முப்பத்தொன்றுக்கு வந்த ஐந்நூறு பிராங்

அனுப்புநர்:
திருமதி சந்திரமதி வரதராசா,
லோசான்.

பெறுநர்:
திரு. அ. லோறன்ஸ் அவர்கள்,
தேர்தல் பொறுப்பாளர்,
லேமன் ஏரிக்கரைத் தமிழர் நலன்புரி மன்றம்,
லோசான்.

பொருள்: தலைவர் பதவி வேட்பாளர் திரு. குலேந்திரனைப் பற்றி நான் வாய் திறவாதிருக்கத் தரப்பட்ட பணத்தை, அவரது தேர்தல் நன்கொடையாகக் கணித்து விசாரித்தல்.

மதிப்புக்குரிய ஐயா,

முறைப்பாடுகளுக்கு நீங்கள் தந்த தவணை வெள்ளிக்கிழமையுடன் முடிந்தது. பிந்தி எழுதுகிறேன். கைக்குழந்தை ஒரு காரணம், பயம் மற்றது.

1. எங்கள் அகதி விண்ணப்பம் ஓகஸ்டில் நிராகரிக்கப்பட்டது. செப்டெம்பர் 12க்குள் பிரெஞ்சில் மேன்முறையீடு அனுப்ப வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. திரு. குலேந்திரன் எழுதித் தந்து, தபாலில் போடுவதாகவும் வாங்கிச் சென்றார். நவம்பர் 5இல் வந்த பதிலில், கடிதம் செப்டெம்பர் 18ஆம் திகதிதான் தபாலில் சேர்க்கப்பட்டதால் ஏற்க முடியாதென்று இருந்தது. கேட்டதற்கு, காருக்குள் கிடந்துவிட்டது என்று என் கணவர் முன்னிலையில் சொன்னார்.

2. தவறியவர் தன் தவறை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால், மேன்முறையீட்டை ஏற்கும்படி இம்மாதம் 26க்குள் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று அகதிகள் உதவிப் பணிமனைப் பெண்மணி விளக்கினார். அதுவும் நிச்சயமில்லையாம். கேட்காவிட்டால் புதுவருடத்துக்கு முன் நாங்கள் மூவரும் வெளியேற வேண்டும். திரு. குலேந்திரன் எழுதித் தரவில்லை. தேர்தல் முடியட்டும் என்கிறார். தேர்தல் 30ஆம் திகதி.

3. கடந்த 9ஆம் திகதி, பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கான முப்பத்தொன்று செய்தோம். திரு. குலேந்திரனின் அண்ணனான கடைக்காரர் திரு. தவராஜா ஓர் உறையைப் பிள்ளையின் கைக்குள் வைத்தார். பிள்ளையின் கையில் வைத்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. எல்லோரும் போனபின் திறந்தால் ஐந்நூறு பிராங் தாள் ஒன்று. அடுத்த நாள் தொலைபேசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தங்கச்சி, அது பிள்ளைக்குத்தான். வோட்டு முடியுமட்டும் உந்தக் கடிதக் கதையை ஒருதரிட்டையும் எடுக்காதையுங்கோ. தம்பி தலைவரா வந்தால் எல்லாம் செய்து தருவான்."

4. மன்ற விதிப்படி ஐம்பது பிராங்குக்கு மேற்பட்ட நன்கொடை, கொடுத்தவர் பெயருடன் பதியப்பட வேண்டும். அங்கத்தவரல்லாதோர் கொடுக்கவே கூடாது. திரு. தவராஜா அங்கத்தவரல்ல. வேட்பாளரின் கணக்கில் துண்டுப்பிரசுரச் செலவு மட்டுமே உண்டு. துண்டுப்பிரசுரம் அவரைப் பற்றிப் பேசுகிறது. இந்தப் பணம் அவரைப் பற்றிப் பேசாமல் இருக்கச் செய்கிறது. வாக்கு விழுவதற்கு இரண்டும் ஒன்றல்லவா, ஐயா?

5. அது அன்பளிப்பு, தன் குடும்ப மானத்துக்காகவும் இருக்கலாம், தேர்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார், நான் கேட்டபோது, வேட்பாளர். இருக்கலாம். ஆனால் போன மாதம் எங்கள் அயலில் உள்ள சிவகலாவின் பிள்ளையின் முப்பத்தொன்றுக்கு அதே திரு. தவராஜா வைத்தது இருபது பிராங். மானத்துக்குக் கொடுத்திருந்தால் ஏன் வாக்களிப்பு நாள்வரை மட்டும்?

6. நானும் சுத்தமானவள் இல்லை. பிள்ளைக்குக் குளிர்ச்சட்டையும் இருமல் மருந்தும் வாங்க நூற்றிருபது செலவழித்துவிட்டேன். மீதியை இணைத்துள்ளேன். ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவும் என் கணவருக்கு இம்மனு தெரியாது. "அவனைப் பகைச்சால் நாளைக்கு ஆர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தாறது?" என்று கேட்டவர் அவர்.

ஆகவே, இப்பணம் விதிமீறிய நன்கொடையா என்று 26ஆம் திகதிக்கு முன் விசாரித்து முடிவு தருமாறு மன்றாடுகிறேன். அவரைத் தேர்தலில் இருந்து நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நன்கொடை இல்லை என்பதே தங்கள் முடிவானாலும் அதை எழுத்தில் தாருங்கள். எந்தக் கடிதம் பிந்தியதை மறைக்க இப்பணம் தரப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும்; அவர் எழுதித் தராத சாட்சிக்குப் பதிலாக அதைக் காட்டி 26க்குள் கேட்டுப் பார்ப்பேன். அந்த ஒரு வரியைப் பிரெஞ்சில் எழுத எப்படியும் யாரையாவது பிடிப்பேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) ச. வரதராசா

இடம்: லோசான்
திகதி: 17.11.1986