பத்தாவது வேலை

மே 4

அன்புள்ள பரபரப்புக்கு,

நானும் குட்டியும் நல்லபடியாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் குட்டி தூங்கினாள், நான் தூங்கவில்லை. அக்கா ரெண்டு தலையணை எடுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். போனில் அனுப்பினால் அதை உங்கள் பணிப்பட்டியல் மென்பொருள் விழுங்கி ஒரு பணியாக்கிவிடுகிறது. போன மாதம் "பால் இருக்கா?" என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? பணி எண் 1184, பொறுப்பு: நான், நிலை: தாமதம் என்று எனக்கே திரும்பி வந்தது. காகிதத்தை அது விழுங்காது என்று நம்பி எழுதுகிறேன்.

நான் ஏன் கிளம்பினேன் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று தோன்றுகிறது. பட்டறை வேலையை அந்த மென்பொருளில் போட்டீர்கள், சரி. வீட்டையும் போட்டீர்கள், பொறுத்துக்கொண்டேன். "குட்டியோடு விளையாட்டு, 30 நிமிடம், வாராவாரம்." ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அது தானாகவே "முடிந்தது" என்று பச்சையாகும்படி வைத்திருந்தீர்கள். குட்டி இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். உங்கள் திரையைப் படித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்: "அம்மா, நாங்க விளையாடியாச்சா?" அவளுக்கு என்ன பதில் சொல்வது? துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜூன் 1, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. இங்கே தெருக்கோடியிலும் ஒரு பள்ளி இருக்கிறது. விசாரித்து வைத்திருக்கிறேன். நான் மிரட்டவில்லை, உங்களிடம் மறைக்கவும் விரும்பவில்லை.

ஆஸ்பத்திரி ஆர்டரில் கவனமாக இருங்கள். ஐந்து மாடி, நானூறு வழிகாட்டிப் பலகை. ஒரு அம்புக்குறி தப்பாகத் திரும்பினாலும் நோயாளிகள்தான் அலைவார்கள். காலையில் வெட்டுமேசையைச் சுற்றி நின்று பேசும் பத்து நிமிடத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். "என்ன மாட்டியிருக்கு? யாரால நகரும்?" ரெண்டே கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். நம் பட்டறையின் மூத்த ஆள் ஆணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். இன்னும் ஏணியில் ஏறிப் பலகை மாட்டுகிறாரா? மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுங்கள். குட்டியின் நீலச் செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடக்கும், அனுப்பிவையுங்கள்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் வாத்தியாரம்மா


மே 8

அன்பான வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பட்டறையில் எல்லோருக்கும் உறையைக் காட்டினேன். உள்ளே இருப்பதைக் காட்டவில்லை, பயப்படாதே.

நல்ல செய்தி ஒன்று. நாலாவது மென்பொருள் கிடைத்துவிட்டது. இதுதான் கடைசி, சத்தியம். முதலாவதில் மூன்றே கட்டம், சுவரில் சீட்டு ஒட்டுவது போல. அது சின்னப் பிள்ளை விளையாட்டு. இரண்டாவது, தேதியெல்லாம் கோடு போட்டுக் காட்டியது. ஒரு கோடு நகர்ந்தால் எல்லாக் கோடும் நகர்ந்து எனக்கே தலை சுற்றியது. மூன்றாவதில் எல்லாமே இருந்தது, ஆனால் என்னைத் தவிர ஒருவரும் திறக்கவில்லை. இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். யார் கையில் எத்தனை வேலை, எது பிந்துகிறது, எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. ஆணிக்கு ஆரஞ்சு. "எனக்கு எதுக்கு சார் நிறம்?" என்று கேட்டார். போகப் போகப் புரிந்துகொள்வார்.

காலைக் கூட்டத்தை நிறுத்திவிட்டேன். கோபப்படாதே, கணக்கைப் பார். ஒன்பது பேர், பத்து நிமிடம், தினம் ஒன்றரை மணி நேரம் நின்றே போகிறது. இனி சொல்ல வேண்டியதைப் பணியின் கீழேயே குறிப்பாக எழுதிவிடலாம், எல்லாருக்கும் போய்ச் சேரும்.

உன் கடிதத்தையும் வீணாக்கவில்லை. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன், பதினொரு பணிகள் தேறின. ஒன்பதை முடித்துவிட்டேன்! செடிக்குத் தண்ணீர், முடிந்தது. நீலச் செருப்பு இத்துடன் வருகிறது. ஆணியின் முழங்காலுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. மற்ற இரண்டும் அதனதன் கட்டத்தில் இருக்கின்றன. இப்போது சொல், நான் மாறவில்லையா?

குட்டிக்கு ஆயிரம் முத்தம்.

உன்,
பரபரப்பு


மே 13

பரபரப்பு அவர்களுக்கு,

செருப்பு வந்தது. குட்டி அதைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறாள்.

உங்கள் கடிதத்தை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "பதினொரு பணிகள்" என்ற இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு மென்பொருளோடு சண்டை இல்லை. அந்த மூன்று கட்டமே நமக்குப் போதுமாக இருந்தது. செய்யணும், செய்கிறோம், முடிந்தது. நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஆணி குடிக்கும் டீயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதில் போட்டீர்கள். முக்கியமானது எது என்று யாருக்கும் தெரியவில்லை, பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். உடனே நீங்கள் கருவியை மாற்றினீர்கள். ஒரு வேலை தடுமாறினால் யாரிடமாவது போய் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்க உங்களுக்கு மனம் வராது. புதுசாக ஒன்றை வாங்கி நிறுவ மட்டும் பறப்பீர்கள்.

என் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். மூன்றே மூன்று சொல்தான். அதை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்?

பள்ளி விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் நிரப்பியாயிற்று. அப்பாவின் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. போட்டு அனுப்பிவிடுங்கள். இருபத்தொன்பதாம் தேதிக்குள் கேட்கிறார்கள்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது.

குட்டியின் அம்மா


மே 25, திங்கள்

அன்பான வாத்தியாரம்மாவுக்கு,

பன்னிரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றும் அறிக்கை மாதிரி இருந்தன.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் எக்ஸ்ரே அறையையும் படுக்கை விரிப்பு வைக்கும் அறையையும் கடைசி நேரத்தில் இடம் மாற்றியிருக்கிறார்கள். நம் வரைபடம் பழையது. பலகை மாட்டப் போன ஆணி அதைக் கண்ணால் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே பணியின் கீழே எழுதினார். அன்றைக்கு எனக்கு நூற்று நாற்பத்து மூன்று அறிவிப்புகள். நான் நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். "எல்லாம் படித்தாயிற்று" என்ற பொத்தானை அழுத்தினேன். பதில் வராததால் அவர் வரைபடத்தில் உள்ளபடியே மாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பதினொரு நோயாளிகள் விரிப்பு அறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மணிக்கட்டு உடைந்த ஒருவர் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். நானே போய்ப் பார்த்தேன். அவர் என்னை மருத்துவமனை ஆள் என்று நினைத்து, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். 

பட்டறைக்கு வந்து ஆணியிடம் கத்தினேன். "ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார்."

"எங்க சொன்னீங்க?"

"நீங்க சொல்லச் சொன்ன இடத்துலதான்."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அம்மா இருந்தா காலைல கேட்டிருப்பாங்க" என்றார்.

அன்று உன் கேள்வியைத் தேடினேன். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" பத்தாவது பணி. "தகவல் மட்டும், நடவடிக்கை தேவையில்லை" என்று போட்டிருந்தேன். என் கையாலேயே போட்டிருந்தேன்.  பதினொன்றாவது, குட்டி கேட்டதற்கு என்ன பதில் என்பது. அதற்குப் பொறுப்பு உன் பெயர்.

இன்று காலை எல்லோரையும் வெட்டுமேசைக்குக் கூப்பிட்டேன். சுவரில் மூன்று கட்டம் கோடு போட்டிருக்கிறோம். பட்டறை வேலை மட்டும்தான் அதில் வரும். சுற்றி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அக்ரிலிக் தகடு வரவில்லை, நாலாம் மாடி அளவு சரியில்லை, இப்படி. எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த மேசையில் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாய் தவறிச் சொன்னேனா, வேண்டுமென்றே சொன்னேனா, தெரியாது. "என் மனைவியும் பொண்ணும் வீட்டுல இல்ல. எனக்கு ஒண்ணும் ஓடல" என்றேன்.

 ஆணி டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நீ கேட்கும் அதே குரலில் கேட்டார்: "யாரால நகரும்?"

"என்னாலதான்" என்றேன்.

நான் நன்றாக இல்லை. உன் கேள்விக்கு அதுதான் பதில். மூன்று வாரம் பிந்திவிட்டது. சாப்பிடும்போது எதிர் நாற்காலியில் துணியைப் போட்டு வைக்கிறேன், காலியாகத் தெரியக்கூடாது என்று. நீ வேண்டும் எனக்கு. குட்டி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இதை எங்கும் குறித்து வைக்கவில்லை. விண்ணப்பம் என் சட்டைப் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. உன் எதிரில் உட்கார்ந்து, நீ எதைச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கதவைத் திறக்க வேண்டாம். கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவேன்.

பரபரப்பு


மே 28

அன்புள்ள உங்களுக்கு,

பள்ளியில் சொல்லித் திங்கட்கிழமை வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். நாங்கள் திரும்பி வருவதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன், நேரில் பேசலாம். குட்டியிடம் நீங்கள் வருவதாகச் சொல்லிவிட்டேன். எத்தனை நிமிஷத்துக்கு என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா வீட்டில் அழைப்பு மணி கெட்டுப்போய் ஒரு வாரமாகிறது. வந்தால் கதவைத் தட்டுங்கள்.

வாத்தியாரம்மா