செவிடனுக்கு அடிச்ச ஹாரன்

கொல்லம் ஆண்டு 1108, புரட்டாசி 9

ஹாரன் அடிச்சியாக்கும்? நல்லா அடிச்சே, நான் பெத்த மகனே! சுடுகாட்டுல கெடக்கவனே எழும்பியிருப்பான். ஆனா செல்லையன் பிறவிச் செவிடன்லா? அறுப்புக் காலத்துல ரோட்டுல வைக்கோலு காயப்போட்டு, குனிஞ்சே நிப்பான். வண்டிக்காரன் எவனும் காளையை நிறுத்தி, இறங்கி, அவன் தோளைத் தொட்டுட்டுத்தான் போவான். நீ சின்னதுலேருந்து பாத்ததுதானே? மோட்டார் சைக்கிள் வாங்குனதும் மறந்து போச்சு.

இப்போ நீ இடிச்சதுல காலு நொறுங்கி ஆஸ்பத்திரியில கெடக்கான். முட்டுக்குக் கீழ எடுக்கணுமாம். வயல் வேலையை விட்டா அவனுக்கு என்ன தெரியும்?

"அவன் விலகாததுக்கு நான் என்னப்பா செய்ய?"ன்னு சாயங்காலம் மகன் கேக்கான்.

"வேகத்தைக் குறைக்கணும்லே. ஹாரன் அடிச்சா உன் கடமை தீந்துட்டா? அவன் பொண்டாட்டி கையக் காட்டி ஓடி வந்தாளே, அதையாவது..."

சொல்லி முடிக்கல்ல. அவன் வண்டியை உதைச்சுக் கிளப்பிட்டுப் போயிட்டான்.