முன்னூற்று நாலு ஏ

என் நைனாவுக்கு,

நேற்று திருவள்ளூர் கோர்ட்டில் முதல் தடவையாக ஒரு லாரி டிரைவருக்காக ஆஜரானேன். நீ இருந்திருந்தால், "இன்னாம்மா, யார் கோட்ட மாட்டிக்கினு வந்த?" என்று கிண்டலடித்திருப்பாய்.

கும்மிடிப்பூண்டியில் இப்போது கம்பெனிகள் வரத் தொடங்கிவிட்டன. லாரிகள் பெருகிவிட்டன, கேஸ்களும்தான். அந்த டிரைவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொலை கேஸாம்மா?" என்றாள். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா கேட்ட அதே கேள்வி.

எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் உன் லாரி மோதி, மீன்கூடையோடு சைக்கிளில் போன மனிதர் இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கொலைகாரன் பொண்ணு' என்றார்கள். அப்போது உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?

முதலாளி வைத்த வக்கீல் உனக்கு ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்திருந்தார். சைக்கிள்காரர் குடித்துவிட்டுக் குறுக்கே வந்தார் என்று சொன்னால் விடுதலையாகிவிடலாம். நீ கூண்டில் ஏறினாய். எதிரே இறந்தவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் சாமி கொன்னுட்டேன்" என்றாய். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கொல்லணும்னு நினைச்சியா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"இல்ல சாமி. பிரேக்கு சரியா புடிக்கலன்னு புதுவாயல்லயே தெரியும். எளாவூர்ல பாத்துக்கலாம்னு ஓட்டிக்கினு வந்துட்டேன். அவரு ஓரமாத்தான் போய்க்கினு இருந்தாரு."

"அதுக்குப் பேர் கொலை இல்லப்பா, அஜாக்கிரதை."

கொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காததால் ஓர் உயிர் போனது. முன்னூற்று நாலு ஏ என்ற பிரிவுக்கு அவ்வளவுதான் அர்த்தம். சட்டக் கல்லூரியில் அதைப் படிப்பதற்கு முன்பே உன்னிடமிருந்து எனக்குத் தெரியும். ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுத்ததே இல்லை.

நீ இறந்துபோன அன்று, அந்தச் சைக்கிள்காரரின் மனைவி வந்திருந்தார். "எங்க ஊட்டுக்காரரு பேரக் காப்பாத்துனவரு இவரு" என்று சொல்லி உன் காலடியில் மாலையை வைத்தார். எனக்குப் பெருமையும் அழுகையும் ஒன்றாக வந்தன, நைனா.

நேற்று கேட்டவளிடம், "கொலை இல்லம்மா. ஆனா ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது" என்றேன். என் கட்சிக்காரர் யாருக்கும் செத்தவர்மேல் பழிபோடச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பொய் சொல்லத் தெரியாத லாரி டிரைவரின் பொண்ணு,
வசந்தா