சொன்ன சொல் தவறாத நகல்

ஜூன் 2, திங்கள்

இன்றும் கையெழுத்து கிடைக்கவில்லை. என் ராஜினாமா மேலாளரின் மேசையில்தான் கிடக்கிறது. அதன்மேல் அவர் டீ கோப்பையை வைக்கிறார். வட்டம் வட்டமாகக் கறை. எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பேசலாம்மா" என்பதால் அலுவலகத்தில் அவருக்கு "நாளைக்கு" என்றே பெயர். இருபதாம் தேதிக்குள் விடுவிப்புக் கடிதத்தோடு போய்ச் சேராவிட்டால், கல்லூரியில் மொழியியல் வகுப்பில் எனக்கான இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். கோப்பையை எடுத்தார், வைத்தார்.

ஜூன் 4, புதன்

நூலகங்களிலிருந்து புகார். எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து நாங்கள் நடத்தும் தேடல் பக்கத்தில் புதுப் புத்தகங்கள் அகப்படவில்லையாம். அகப்படவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு கிளையின் நூலகர் போனில் சொன்னார்: "நேத்து மத்தியானம் இருந்துச்சும்மா. சாயங்காலம் காணோம். இன்னிக்குக் காலையில மறுபடி இருக்கு. உங்க மெஷினுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

என் கணினியில் தேடிப் பார்த்தேன். இருக்கிறது.

"என் மேசையில சரியா வருதுங்க."

"அப்படின்னா உங்க மேசைய இங்க அனுப்பி வைங்க."

மேலாளர் கூப்பிட்டார். "இத மட்டும் முடிச்சுக் குடு. அன்னிக்கே கையெழுத்து." இந்த முறை நாளைக்கு என்று சொல்லவில்லை. நம்பினேன்.

ஜூன் 6, வெள்ளி

அட்டவணை மேல்தான் சந்தேகம். புத்தகத்தின் பெயரைச் சொற்களாக வெட்டி அடுக்கும் இடத்தில் கோளாறோ? ஒவ்வோர் அமைப்பாக மாற்றினேன், பழையபடி வைத்தேன். விடுபட்ட புத்தகங்களை மீண்டும் ஏற்றினேன். தேடலை நடத்துவது யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருள். அதனால் இணையத்தில் பாதிப் பேர் அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். மீதிப் பேர் அதன் கீழே "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதியிருக்கிறார்கள்.

சாப்பிடும்போது அம்மா, "விடமாட்டேங்கறாங்கன்னா உன் அருமை தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். நான் மீதிச் சோற்றை ஒதுக்கினேன். எழுந்து தட்டைக் கழுவினேன்.

ஜூன் 9, திங்கள்

மறுபடி புகார். மறுபடி என் மேசையில் சரி.

ஜூன் 10, செவ்வாய்

நானே அந்தக் கிளைக்குப் போனேன். நூலகர் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். வாசகர்கள் தேடும் அதே பெட்டியில் அதே புத்தகத்தின் பெயரைத் தட்டினேன். இருந்தது. மறுபடி தட்டினேன். இல்லை. மறுபடி. இருந்தது.

"பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரி இருக்குல்ல?" என்றார் அவர்.

வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் நான் பின்வாசல் வழியாகத் தேடியிருக்கிறேன். என் கணினி நேராக முதல் சர்வரைக் கேட்கிறது. புத்தகங்கள் ஏறுவதே அதில்தான், அதனால் எப்போதும் இருக்கும். வாசகர்களுக்குப் பதில் சொல்வது அதன் இரண்டு நகல்கள். ஒரு கேள்வி ஒன்றுக்கு, அடுத்தது மற்றதற்கு. அந்த வாசல் வழியாக நான் ஒருதடவைகூட உள்ளே போனதில்லை.

ஜூன் 11, புதன்

கிடைத்துவிட்டது.

நகல்கள் இரண்டும் நிமிடத்துக்கு ஒருமுறை முதல் சர்வரிடம் "புதுசா ஏதாவது உண்டா?" என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். போன மாதம் அட்டவணையை முழுதாகப் புதுப்பித்தபோது, அரைகுறை வேலை வாசகர் கண்ணில் படாதிருக்க, முன்பிருந்த பொறியாளர் இரண்டையும் "நான் சொல்லும்வரை கேட்காதே" என்று நிறுத்தியிருக்கிறார். அதுதான் முறையும்கூட. முடிந்தபின் கேட்கச் சொல்ல மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு நகல் மின்தடையில் அணைந்து எழுந்தது. எழுந்ததும் அந்தக் கட்டளை அதற்கு நினைவில்லை; கேட்க ஆரம்பித்துவிட்டது. மற்றது ஒருநாளும் அணையவில்லை. ஓடுகிற மெஷினைத் தொடக்கூடாது என்பது இங்கே சட்டம். இன்றுவரை அது சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. யாரும் திரும்பி வந்து "போதும்" என்று சொல்லவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிக் கட்டளை போதும். சரியாகிவிடும்.

சொல்லத்தான் மேலாளர் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. போனில் யாரிடமோ: "அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிடுவா. அவள எல்லாம் விட்ருவனா? சரி பண்ணத் தெரிஞ்ச ஆள அனுப்பிட்டு நான் என்ன பண்றது?"

திரும்பி வந்துவிட்டேன்.

சரி செய்தால் விடமாட்டார். செய்யாவிட்டாலும் விடமாட்டார். அப்புறம் நான் எதுக்குத்தான் இத்தனை நாள் மண்டைய உடைச்சிக்கிட்டேன்?

ஜூன் 12, வியாழன்

மதியம், அலுவலகத்தில் நான் அக்கா என்று கூப்பிடுகிறவளிடம் சொன்னேன். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள், எனக்கு இங்கே இருக்கும் ஒரே ஆள். அவளுக்குத் தற்காலிக வேலை. முடியும் நேரத்தில் ரப்பர் பேண்டு மாதிரி இழுத்து நீட்டுவார்கள்.

முழுதும் கேட்டுவிட்டு, "நீ தொடாத. எனக்குக் காட்டு, நான் பண்றேன்" என்றாள்.

"அப்புறம் உங்களப் பிடிச்சுக்குவாரே அக்கா."

"பிடிக்கட்டும்டி. என்னப் பிடிச்சுக்க ஆளில்லாமத்தான இத்தன வருஷமா தொங்கிக்கிட்டிருக்கேன்."

எந்தப் பூட்டுக்குள் மூச்சுமுட்டுகிறது என்று நான் புலம்புகிறேனோ, அதன் உள்ளே வரத்தான் அவள் வெளியே நிற்கிறாள். எனக்கு இது ஏன் தோன்றவே இல்லை? காபி ஆறும்வரை காட்டினேன். என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 13, வெள்ளி

மேலாளர் முன்னால் செய்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஒரு வரி தட்டினாள். நகல் கேட்டது, வாங்கியது. வாசகர் பக்கத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடிக் காட்டினாள். இருந்தது. மறுபடி. இருந்தது.

"இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"நீங்க கேட்டதே இல்லையே சார். இதோ, இவ சொல்லிக் குடுத்தா."

என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப இவ போயிட்டா நீ பாத்துப்பியா?"

"நிரந்தரம் பண்ணுங்க, பாத்துக்கறேன். தற்காலிகமா இருக்கறவ எப்படி சார் நிரந்தரமா பாத்துக்கறது?"

"நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்கு நூலகத்துக்காரங்க கூப்பிட்டா அப்ப நீங்களே பேசிக்கங்க சார்."

சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

கையெழுத்து. டீ கறைக்கு நடுவில், கொஞ்சம் கலங்கிப்போய். அக்காவுக்கும் நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள். வெளியே நடைபாதைக்கு வந்து பேசினேன். தேடல் நன்றாக ஓடுகிறதாம். சம்பளம் ஏறியிருக்கிறதாம். மகளுக்குக் காய்ச்சலாம்.

"ரெண்டு நாள் லீவு கேட்டேன். 'நீ இல்லாம எப்படிம்மா, நாளைக்குப் பேசலாம்'னுட்டாரு." சிரித்தாள். "உன் இடத்த நான் வாங்கிக்கிட்டேன் போல."

"யாருக்காவது சொல்லிக் குடுத்து வைங்க அக்கா."

"யாருக்கு? உன் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு." பிறகு அவளே, "சும்மா சொன்னேன்டி. நீ படி" என்றாள்.

உள்ளே வந்து, வகுப்பில் சொன்ன புத்தகத்தைத் தேடல் பெட்டியில் தட்டினேன். இருந்தது. மறுபடி தட்டினேன். இருந்தது. அலமாரி எண்ணும் பக்கத்திலேயே இருந்தது. எழுந்து போய் எடுக்க வேண்டியதுதான். நான் மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தேன்.